திம்பம் ஏற்றத்துக்குப் பம்பா, கிரவுன் பினியனா, டர்போவா?

பண்ணாரியைத் தாண்டியதும் எங்கள் லாரியின் கிளீனர் கட்டையைக் கையில் எடுத்துக்கொள்வார். மேலே திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் எஞ்சின் சுற்று (ஆர்.பி.எம்.) விழுந்து வண்டி பின்னால் நழுவினால், குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். எங்களுடையது எஞ்சினுக்கு டீசலை அளந்து தள்ளும் பழைய இன்லைன் பம்ப் வைத்த ஆறு சக்கர வண்டி. குறைந்த சுற்றில் இழுவையைக் கூட்டப் பட்டறையில் மூன்று வழிகள் சொன்னார்கள்: பம்பில் டீசலைக் கூட்டுவது, பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கர ஜோடியை மாற்றுவது, புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவை மாற்றுவது. கடைசியில் நான் டர்போவைத்தான் மாற்றினேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

மலிவு என்று முதலில் பம்பில் டீசலைக் கூட்டிப் பார்த்தேன். வளைவில் மிதித்ததும் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸே தெரியாத அளவுக்குக் கரும்புகை, இழுவையோ பேருக்கு. 1,100 சுற்றில் எஞ்சின் ஏங்குவது காற்றுக்கு, டீசலுக்கு அல்ல. எரியாத டீசல் புகையாகப் போகிறது, வெப்பம் ஏறி பிஸ்டனுக்கும் கேஸ்கட்டுக்கும் உலை வைக்கிறது. வண்டியின் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி.யில் புகைச் சோதனை வேறு. ஒரே மாதத்தில் பழைய அளவுக்கே திருப்பிவிட்டேன்.

கிரவுன் பினியன் நேர்மையான வழி. பற்களின் எண்ணிக்கை 41/7 இருக்கும் இடத்தில் 41/6 போட்டால் சக்கரத்துக்கு வரும் இழுவை ஆறில் ஒரு பங்கு கூடும், எஞ்சினைத் தொடவே வேண்டாம். ஆனால் 60 கி.மீ. வேகம் தந்த அதே சுற்று இனி 51 தான் தரும். திம்பத்தில் 2022 முதல் இரவில் சரக்கு வண்டிகளுக்குத் தடை; மைசூரிலிருந்து திரும்பும்போது மாலை 6 மணிக்குள் வராவிட்டால் விடியும்வரை ஓரமாக நிற்க வேண்டியதுதான். குவாரிக்குள்ளேயே சுற்றும் டிப்பருக்கு இதைவிட நல்லது இல்லை. எனக்கு ஒத்துவராது.

புது டர்போவில் முக்கிய வித்தியாசம், புகை நுழையும் டர்பைன் கூடுதான். அதன் வாய் குறுகலானால் குறைந்த சுற்றின் புகை வேகத்திலேயே டர்போவின் உள்சக்கரம் சுழன்று காற்றை அழுத்தும். மேல் சுற்றில் மூச்சு முட்டாமல் இருக்க மிகுதிப் புகையை விலக்கிவிடும் வேஸ்ட்கேட் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இப்போது இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போதே டர்போவின் விசில் கேட்கிறது.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. டர்போவின் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. மலை ஏறி முடித்த சூட்டில் டீக்கடை வாசலில் சாவியைத் திருப்பினால் எண்ணெய் வரத்து நின்றுவிடும். தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். அதனால் மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் அணைக்கக் கூடாது என்று ஓட்டுநரிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். எண்ணெயைக் கெடுவுக்கு முன்பே மாற்றுகிறேன். மாதம் ஒருமுறை காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்கிறேன்: பக்கவாட்டில் இம்மியளவு ஆடலாம், முன்னும் பின்னும் அசைந்தால் ஆபத்து. இதில் பணத்தைவிடப் பழக்கம்தான் அதிகம் தேவை. ஓட்டுநர் அடிக்கடி மாறும் வண்டி என்றால் நானே வேண்டாம் என்பேன்.

மாற்றிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. ஆயுளைப் பற்றி இப்போதே பேசுவது அவசரம். மைலேஜில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கழற்றிய பழைய டர்போவை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.