குனியோஷியோட மூணு தாளா, யோஷிதோஷியோட ஒரு தாளா?

ஜப்பான்ல ஒரு பழைய கதை: 1185ல டன்-நோ-உரா போர்ல தோத்து கடலோட போன டைரா குல வீரங்க, அவங்களை ஜெயிச்ச தளபதி யோஷிட்சுனே பின்னால தப்பிச்சுப் போறப்ப டைமோட்சு கடல்ல பேயா வந்து படகை மறிப்பாங்க. அந்தக் காட்சிய மரக்கட்டை அச்சு ஓவியர் குனியோஷியும் போட்டிருக்கார், 1850ல அவர்கிட்ட சின்னப் பையனா சேந்த யோஷிதோஷியும் போட்டிருக்கார். ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னு ஆனப்ப நான் யோஷிதோஷி பக்கம் போனேன்.

பாத்தவுடனே அசத்துறது குனியோஷிதான், சந்தேகமே இல்ல. மூணு தாள் அகலத்துக்குக் கடல், அலைக்கு மேல சாம்பல் நிழலா பேய்க் கூட்டம். யோஷிதோஷியோடது (1886, நிலாவை வெச்சு அவர் போட்ட நூறு படத்து வரிசையில ஒண்ணு) ஒரே தாள். படகு நுனியில யோஷிட்சுனேவோட துணைவீரன் பெங்கெய், அலை, நிலா, அவ்வளவுதான். பேய் ஒண்ணுகூட கிடையாது, ஆனா அந்த அலையோட நுரை வளைஞ்சு நிக்கிறதப் பாத்தா நமக்கே ஏதோ தெரியுற மாதிரி இருக்கும்.

என்னை முடிவெடுக்க வெச்சது பராமரிப்பு. மூணு தாள்னா தனித்தனியா அச்சான மூணு காகிதம், ஒண்ணு வெயில்ல இருந்திருக்கும், ஒண்ணு ஆல்பத்துக்குள்ள இருந்திருக்கும், சேத்து வெச்சா நடுத்தாள் மட்டும் வெளுத்துத் தெரியும். டோக்கியோவுல பழைய புத்தகக் கடைங்க இருக்குற ஜிம்போச்சோல ஒரு கடையில எனக்குக் காட்டின செட்ல யாரோ ஓரத்த வெட்டி ஒட்டியிருந்ததால ஒரு அலை பாதியில முறிஞ்சு அடுத்த தாள்ல அரை விரக்கடை தள்ளி ஆரம்பிச்சுது, அதப் பாத்தப்புறம் வேற எதுவுமே கண்ணுக்குத் தெரியல. பிரேமும் பெருசு, ஒரு தாள் போனா மொத்தமும் போச்சு. யோஷிதோஷியோடது சுமார் 37க்கு 25 செ.மீ., மேஜை டிராயர்ல அடங்கும்.

ஆனா அதுலயும் பாத்து வாங்கணும். முதல் அச்சுல தலைப்புக் கட்டத்துலயே கலர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையும், பின்னாடி அச்சடிச்சதுல அந்த மெனக்கெடல் குறைஞ்சிருக்கும். திருப்பிப் பின்பக்கமும் பாருங்க, பாரென் (அச்சடிக்கும்போது காகிதத்தோட முதுகுல தேய்க்கிற வட்டத் தட்டு) தேய்ச்ச வட்டத் தடம் தெரியணும். நிறத்துல மட்டும் குனியோஷி காலத்து பிரஷ்யன் நீலம் கெட்டி, யோஷிதோஷியோட மெய்ஜி காலத்து (1868க்கு அப்புறம்) ஊதா வெளிச்சத்துக்கு ஆகாது.

மறுவிற்பனை பத்தி, நான் இதுவரைக்கும் எதையும் வித்ததில்ல, ஒத்தத் தாள் சீக்கிரம் கைமாறும்னு கடைக்காரங்க சொல்றதுதான்.

ஜூன்ல இங்க மழை ஆரம்பிச்சா காகிதத்துல பழுப்புப் புள்ளி வந்துடும்னு பயம், பெங்கெய் அமிலமில்லாத அட்டைக்குள்ள போயிடுவார். செப்டம்பர்லதான் மறுபடி சுவத்துக்கு.