கேனை நம்புகிற சென்னை, கோயம்பேட்டை நம்பாது

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தால் முதல் தலைவலி தண்ணி கேன். இந்தத் தடவை வந்த கேனில் மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறையே இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, தேதி அழிந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் பச்சைப் பாசி. "கேன் பழசுண்ணே, தண்ணி சூப்பரா இருக்கும்" என்கிறார் போட வந்த தம்பி. வெயிலில் கிடந்த கேனை உள்ளே தேய்த்துக் கழுவாமல் நிரப்பினால் இப்படித்தான் பாசி பிடிக்கும். தண்ணியில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்து நிம்மதி அடைவதில் பிரயோசனமில்லை. அது உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

இதைக் குடிக்கிற வீட்டில்தான், சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர் பற்றிச் சொன்னதும், "கக்கூஸ் தண்ணியையா குடிக்கிறீங்க?" என்று பெரியம்மா முகம் சுளிக்கிறார். அங்கே கழிவுநீர் நுண்வடிகட்டி, ஆர்.ஓ. (உப்பையும் தடுக்கும் சவ்வு), புற ஊதா ஒளி என்று மூன்று கட்டம் தாண்டுகிறது. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குத்தான். வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரித்தே குழாய்க்கு வரும். 2002 தேசிய தினத்தில் பாட்டிலில் கொடுத்தார்கள். 2003-ல் பார்வையாளர் மையமும் திறந்தார்கள்.

சென்னையிலும் தொழில்நுட்பம் இருக்கிறது. 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினம் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரிக்கும் ஆலைகள் ஓடத் தொடங்கின. அந்தத் தண்ணீர் மணலி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

சமையலறைச் சுவரில் தொங்குவதும் ஆர்.ஓ. சவ்வுதான். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு விடும், சவ்வு கிழிந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரிய சுத்திகரிப்பு ஆலையில், உப்பு நழுவுகிறதா என்று காட்டும் மின்கடத்துதிறனை விடாமல் அளப்பார்கள், எண் ஏறினால் அந்தச் சவ்வு வரிசையை நிறுத்திவிடலாம். அங்கேயும் தொல்லை உண்டு: சவ்வில் நுண்ணுயிர்ப் படலம் படிந்தால் அழுத்தம் எகிறும், புற்றுநோய் அபாயமுள்ள என்.டி.எம்.ஏ. மாதிரிச் சிறு மூலக்கூறுகள் ஓரளவு நழுவும். அவற்றை உடைக்க வீரியமான புற ஊதாக் கட்டம் வேண்டும். ஆகவே தொழிற்சாலைக்குப் போகும் தண்ணீரை அப்படியே வீட்டுக்குத் திருப்ப முடியாது.

சென்னை நெசப்பாக்கத்தில் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீருக்காகப் போரூர் ஏரியில் விடும் திட்டம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அங்கே நுண்வடிகட்டல் உண்டு, ஆர்.ஓ. கிடையாது. அப்படியானால் அம்மோனியா, நைட்ரேட், மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி ஆகியவற்றின் அளவுகளை வாராவாரம் ஏரிக்கரையிலேயே பலகையில் எழுதிவைக்க வேண்டும். எழுதத் தயங்கினால் ஜனம் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.