பத்து மாதமாக எங்கள் வீட்டுச் சமையல் பட்டியலை ஏஐ போடுகிறது

மோர்க்குழம்பு வைத்தால் பருப்பு உசிலி, வத்தக்குழம்பு என்றால் சுட்ட அப்பளம். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தட்டில் பார்த்தே பழகியது. அதனால்தான் ஒரு ஏஐ செயலியிடம் வாரப் பட்டியல் கேட்டபோது இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மதுரையில் நாங்கள் ஐந்து பேர். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், காலைச் சமையல் மாற்றி மாற்றி. போன புரட்டாசியில் முதல் பட்டியல் வந்தது. திங்கட்கிழமைக்கு முருங்கைக்காய் சாம்பார், சுரைக்காய் கூட்டு, பீன்ஸ் பருப்பு உசிலி, பருப்பு ரசம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குறை இல்லை. பரிமாறும்போதுதான் உறைத்தது, நான்கிலும் பருப்பு. "என்னடா, பருப்பு மண்டியா வச்சிருக்க?" என்றார் அம்மா.

"எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி போடு" என்று திரும்பக் கேட்டேன். புரதம், நார்ச்சத்து என்று ஒரு பக்கம் பாடம் எடுத்துவிட்டு, புளியோதரையையும் வத்தக்குழம்பையும் ஒரே மதியத்துக்குப் போட்டது.

சரி என்று அம்மாவையே கேட்டேன். "இதுல சொல்றதுக்கு என்னடா இருக்கு?" என்றார். ஆனால் தப்பான பட்டியலை வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக வந்தது. குழம்புக்குத் தேங்காய் அரைத்தால் பொரியலுக்குத் துருவல் வேண்டாம். சாம்பார் அன்றைக்கு மிளகு ரசம். புளி தூக்கலான குழம்பு என்றால் பக்கத்தில் கூட்டோ துவையலோ இருக்கணும், ரசம் எலுமிச்சையில். அமாவாசைக்கு வெங்காயம், பூண்டு கிடையாது. ஒரு மாதத்தில் போனில் இரண்டு பக்கக் குறிப்பு சேர்ந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் அதை ஒட்டிவிட்டுத்தான் பட்டியல் கேட்கிறேன். ஒட்டாமல் பழைய உரையாடலிலேயே தொடர்ந்தால் நாலாவது வாரத்தில் மறந்துவிட்டு, அமாவாசையன்று வெங்காய சாம்பார் போடும். பட்டுத் தெரிந்துகொண்டது.

மாவு விஷயமும் அப்படித்தான். முதலில் திங்கள் தோசை, வியாழன் இட்லி என்று போட்டிருந்தது. ஞாயிறு அரைத்த மாவு வியாழக்கிழமை எந்த லட்சணத்தில் இருக்கும்? இப்போது முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, மாவு புளித்த பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது பணியாரம்.

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. ஒன்றை வாங்கி எதெதற்குப் பிரிப்பது என்பதில் என்னைவிடக் கெட்டி. ஞாயிறு காலை உழவர் சந்தையில் ஒரு பூசணிக் கீற்று வாங்கினால், பாதி செவ்வாய்க்கிழமை மோர்க்குழம்புக்கு, மீதி மறுநாள் கூட்டுக்கு. கீரை, வெண்டைக்காய் வாரத் தொடக்கத்தில். சேனையும் உருளையும் கடைசியில். ஒரு மூடி தேங்காயில் சட்னி அரைத்த மறுநாளே மற்ற மூடிக்கும் வேலை வைத்துவிடும். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தால் ஏதாவது ஒன்று அழுகியிருக்கும். இப்போது குப்பைக்குப் போவது பெரும்பாலும் கறிவேப்பிலைக் காம்புதான். இரண்டு அடுப்புதான் என்று சொன்னதும், இரண்டையும் நெடுநேரம் பிடிக்கிற சமையலை ஒரே காலையில் வைப்பதையும் நிறுத்திவிட்டது.

அம்மா சொல்லாத ஒரு ஜோடியையும் அதுதான் சொன்னது: கீரைப் பொரியல் நாளில் எலுமிச்சை ரசம். கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும் என்று காரணமும் சொன்னது. சரியான தகவல்தான். அடுப்பை அணைத்த பிறகு சாற்றைப் பிழிந்தால் ரசமும் கசக்காது.

நேரக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். வாழைப்பூ ஆய ஐந்து நிமிடமாம்! ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுத்துப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் சாப்பாட்டு அளவையும் அதனிடம் விடுவதில்லை. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது.

பணம் கட்டவில்லை, இலவசப் பதிப்பே எங்களுக்குப் போதுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரிசையைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மகள் என்ன கேட்கிறாளோ அது. போன ஞாயிறு கேட்டது தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்.