குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகம்: எல்லாப் பருவங்களிலும் பார்த்த ஒருவரின் அனுபவக் குறிப்பு

மன்ஹாட்டன் தீவு வடக்கே குறுகிக்கொண்டு போகும் பகுதியில், ஹட்சன் ஆற்றைப் பார்த்த குன்றின் மேல், ஃபோர்ட் டிரையான் பூங்காவுக்குள் குளோய்ஸ்டர்ஸ் அமைந்திருக்கிறது. ஐரோப்பிய இடைக்காலக் கலைக்கென்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம் 1938-இல் திறந்த கிளை இது. இந்த ஊரில் குடியேறிய நாளிலிருந்து பல ஆண்டுகளாக இங்கே போய்வந்துகொண்டிருக்கிறேன். இதைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரு கோடைப் பிற்பகலில் சுற்றிவந்தவர்கள் எழுதுபவை. அவற்றைப் படித்துவிட்டு வருபவர்கள் இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, "அழகாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அது அவர்கள் குறை அல்ல. இந்த இடத்தின் பாதி செடிகளாக இருப்பதால், அந்தப் பாதி எந்த ஒரு நாளிலும் முழுதாகக் கண்ணில் படுவதில்லை.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய மடாலயத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோலத் தோன்றும். உண்மையில் இது 1930-களில் சார்லஸ் காலன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த புதிய கட்டடம். பழமை அதன் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும் தூண்களிலும் வாயில்களிலும் சன்னல்களிலும் இருக்கிறது. ஜார்ஜ் கிரே பர்னார்ட் என்ற அமெரிக்கச் சிற்பி, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கைவிடப்பட்டுச் சிதைந்த மடங்களின் கற்களைத் தென்பிரான்சில் தேடித்தேடி வாங்கி, 1914-இல் இதே வட்டாரத்தில் சொந்தமாக ஒரு காட்சிக்கூடம் நடத்தினார். அந்தத் தொகுப்பை 1925-இல் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் கொடுத்த பணத்தில் மெட்ரோபாலிடன் வாங்கியது. இந்தக் கட்டடத்துக்கும் அவரே பணம் கொடுத்தார். அதோடு, ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் பாறைச்சரிவு நிலத்தையும் வாங்கி, அங்கே உயரமான கட்டடங்கள் எழும்பாமல் பார்த்துக்கொண்டார். மேற்குப்புறத் தளத்தில் நின்று பார்க்கும்போது மரங்களும் பாறைகளும் மட்டுமே தெரிவதற்கு இதுவே காரணம். பணக்காரர்களின் கொடைகளை நான் எளிதில் மெச்சுவதில்லை, இதை மெச்சுகிறேன்.

நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றிலும் தூண்கள் தாங்கும் கூரையிட்ட நடைபாதை என்ற அமைப்பு நம் கோயில்களின் திருச்சுற்று மாளிகையைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இராது. இங்கே அத்தகைய முற்றங்களில் பெரியது கூஷா. பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனே மலைப்பகுதியில் 878-இல் நிறுவப்பட்ட பெனடிக்டின் துறவியர் மடத்துக்காக 12-ஆம் நூற்றாண்டில் இளஞ்சிவப்புச் சலவைக்கல்லில் செதுக்கிய தூண்களைக் கொண்டு இதை எழுப்பியிருக்கிறார்கள். மூல முற்றத்தின் அளவில் ஏறத்தாழப் பாதிதான் இது. தூண்களின் தலைப்பகுதிகளைத்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பது. சிலவற்றில் வெறும் இலைச்சுருள். வேறு சிலவற்றில் சிங்கங்களும் மனிதர்களை விழுங்கும் வாய்களும். மழைநாளில் இந்தக் கல்லின் சிவப்பு ஏறிப்போவதை வெயில்நாளில் மட்டும் வந்தவர்கள் அறிய வழியில்லை. ஏப்ரல் இறுதியில் வந்தால், நடுவில் நீரூற்றும் நான்கு பாத்திகளுமாக இருக்கும் இந்த முற்றத்தில் கிராப் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும்.

சான் கில்லம் முற்றம் கூரைக்கு அடியில் இருப்பது. அதன் தூண்களில் சில, மடம் அழிந்தபின் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கால்களாக நின்றவை என்ற ஒரு செய்தி போதும், இந்தக் கற்கள் எந்த நிலையிலிருந்து இங்கே வந்தன என்பதை உணர்த்த. ஃபுவென்டிடுவேன்யா கூடத்தின் கதை வேறு. ஸ்பெயினின் செகோவியா பகுதியில் இருந்த சான் மார்ட்டின் தேவாலயத்தின் கருவறைப் பகுதியை ஏறக்குறைய 3,000 கற்களாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து, திரும்ப அடுக்கி, 1961-இல் திறந்தார்கள். அது இன்றும் ஸ்பெயின் கொடுத்த நிரந்தரக் கடன். ஈடாக, ஸ்பெயினின் சான் பௌடேலியோ தேவாலயத்திலிருந்து முன்பு வெளியே போன சுவரோவியங்களில் சில அந்நாட்டுக்குத் திரும்பின. அவை மத்ரிதில் உள்ள பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓர் ஊரின் வழிபாட்டிடத்தைப் பெயர்த்தெடுத்து இன்னோர் ஊரில் நிறுத்துவது எனக்கு முழுக்க ஒப்புதலான செயல் அல்ல. ஆயினும் அதில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளைக் கேட்டிருப்பவன் என்ற முறையில், அந்த வளைகூரையின் கீழ் எழும் குரலுக்கு இணையானதை இந்நகரின் அரங்குகளில் நான் கேட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலானோர் வருவது, ஒற்றைக்கொம்புள்ள கற்பனைக் குதிரையான யூனிகார்னைக் காட்டும் திரைச்சீலைகளுக்காக. 1495-க்கும் 1505-க்கும் இடையில் கம்பளியும் பட்டும் வெள்ளிச் சரிகையும் பொன்முலாம் பூசிய சரிகையும் கொண்டு நெய்யப்பட்ட ஏழு தொங்கல்கள் இவை. ஒன்று இரு துண்டுகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. பிரான்சின் லா ரோஷ்ஃபூக்கோ குடும்பத்திடம் இருந்தவை, புரட்சியின்போது சூறையாடப்பட்டு, குளிரிலிருந்து காய்கறிகளைக் காக்கும் போர்வையாகக் கிடந்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மீட்கப்பட்டன. சாயம் வெளுக்காமலிருக்க அந்த அறையில் விளக்கைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். வெளியே இருந்து நேராக உள்ளே நுழைபவருக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரியும் என்பதால், சில நிமிடங்கள் பொறுத்த பிறகு பார்க்கத் தொடங்குமாறு உடன் வரும் நண்பர்களிடம் சொல்வது வழக்கம். வேலிக்குள் அமர்ந்திருக்கும் யூனிகார்னின் வெண்ணிற உடலில் வழியும் சிவப்பை எல்லோரும் இரத்தம் என்று எண்ணுகிறார்கள். மேலே அதைக் கட்டியிருக்கும் மரத்தில் மாதுளைகள் பிளந்து நிற்பதைப் பார்த்தால் அது பழச்சாறு என்பது புரியும். கீழே பூக்களுக்கு நடுவில் ஒரு சிறு தவளை உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால் பெரியவர்களுக்கு நிம்மதியாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.

இந்த அறையைப் பார்த்தபின் கீழ்த்தளத்தில் உள்ள போன்ஃபோன் முற்றத்துக்குப் போகாமல் யாரும் திரும்பக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. ஆப்பிளைப் போன்ற கெட்டியான பழம் தரும் நான்கு குவின்ஸ் மரங்களைச் சுற்றி, இடைக்கால ஐரோப்பாவில் பயன்பட்ட 250-க்கும் மேற்பட்ட செடிவகைகளை மருந்து, சமையல், மந்திரம் என்று பயன்பாட்டின்படி பாத்திகளாகப் பிரித்து வளர்க்கிறார்கள். அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர்களான ஜேம்ஸ் ரோரிமரும் மார்கரெட் ஃப்ரீமனும் இந்தத் தோட்டங்களைத் திட்டமிட்டபோது சார்லமேன் மன்னர் காலத்துச் செடிப் பட்டியல் வரை பழைய ஆவணங்களைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். சாயச்செடிகளின் பாத்தியில் மேடர், வெல்ட், வோட் ஆகிய மூன்றும் இருக்கின்றன. மேலே பார்த்த திரைகளின் சிவப்பும் மஞ்சளும் நீலமும் முறையே இந்த மூன்றிலிருந்து வந்தவைதாம்; மஞ்சளின் மேல் நீலம் ஏற்றிப் பச்சையைப் பெற்றார்கள். வோட் செடி முதல் ஆண்டு தரையோடு படர்ந்த இலைக்கொத்தாக இருக்கும், சாயம் எடுப்பது அந்த இலையிலிருந்துதான். மறு ஆண்டு வசந்தத்தில் அதே செடி இடுப்பளவு வளர்ந்து பளிச்சென்ற மஞ்சள் பூக்களைச் சொரியும். கோடையில் கருத்த விதைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். நீலம் தரும் செடியில் நீலம் எங்குமே கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் அவுரியின் இலையும் அப்படிப் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டிலிருந்தும் கிடைப்பது வேதியியலில் ஒரே நீலம். இந்தச் செடியின் இரண்டு ஆண்டு வாழ்க்கையையும் பார்த்த பிறகு திரைகளில் உள்ள நீலத்தைப் பார்ப்பது முன்பு பார்த்ததுபோல் இருப்பதில்லை.

அக்டோபரில் குவின்ஸ் பழங்கள் பொன்னிறமாகி முற்றம் முழுதும் மணக்கும். என் கணிப்பில் ஆண்டின் சிறந்த மாதம் அதுவே. பனிக்காலத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அப்போது கூஷா முற்றத்தின் வளைவுகளைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு, குளிர் தாங்காத ரோஸ்மேரி, எலுமிச்சை வகைகளைத் தொட்டிகளோடு நடைபாதைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். வெளியே பனி மூடிய பாத்திகள், உள்ளே வெயில்பட்ட கல்லும் மூலிகை வாசமும். கூட்டமும் இராது. டிசம்பரில் வாயில் வளைவுகளை ஹாலி, ஐவி இலைகளாலும் ஆப்பிள்களாலும் கொட்டைகளாலும் அலங்கரிப்பார்கள்.

உள்ளே தவறவிடக் கூடாத ஓவியம் ராபர்ட் காம்பின் பட்டறையைச் சேர்ந்த மெரோட் மூவோவியம். 1427-க்கும் 1432-க்கும் இடைப்பட்டது. மூன்று பலகைகளையும் விரித்தாலும் நான்கடி அகலம் வராது. வலப்பலகையில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையும் தச்சருமான யோசேப்பு ஒரு பலகையில் துளையிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் செய்து முடித்த எலிப்பொறி ஒன்று மேசையிலும் இன்னொன்று சன்னல் விளிம்பிலும் விற்பனைக்கு வைத்ததுபோல் இருக்கிறது. சாத்தானைப் பிடிக்கும் பொறியே சிலுவை என்ற புனித அகுஸ்தீனின் உவமையோடு இதை இணைத்து விளக்குவார்கள். கருவூல அறையில் உள்ள சிறு பொருட்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நல்லது. உள்ளங்கைக்குள் அடங்கும், பிரான்சின் ழான் தெவ்ரோ அரசியின் செபநூலை மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் களைத்த கண்ணால் பார்த்துப் பயனில்லை.

நடைமுறைக்கு வருவோம். ஏ ரயிலில் 190-ஆவது தெரு நிலையத்தில் இறங்கி, லிஃப்ட் மூலம் மேலே வந்தால் பூங்காவின் வாயில். அங்கிருந்து ஹீத்தர் தோட்டம் வழியாகப் பத்து நிமிட நடை. எம்4 பேருந்து அருங்காட்சியக வாசலிலேயே நிற்கும், ஆனால் நகரின் நடுவிலிருந்து அதில் வருவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். வெளியூர்ப் பெரியவர்களுக்குக் கட்டணம் 30 டாலர். நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்கள் முகவரிச் சான்றைக் காட்டி விரும்பியதைக் கொடுக்கலாம். என்னைப்போல் அடிக்கடி, அதுவும் ஒரே ஒரு முற்றத்தைப் பார்ப்பதற்காகக்கூட வர முடிவது இந்த ஏற்பாட்டினால்தான். புதன்கிழமை விடுமுறை. குன்றின் மேல் பல மட்டங்களில் கட்டியிருப்பதால் படிகள் மிகுதி. மூட்டுவலி உள்ள முதியவர்களை அழைத்துவருபவர்கள் வாயிலிலேயே பணியாளர்களிடம் வழி கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஒருமுறைதான் வர இயலும் என்பவர்கள் காலை பத்து மணிக்குத் திறந்தவுடன் நேராகத் திரைச்சீலை அறைக்குப் போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் யூனிகார்ன் முன்னால் செல்பி எடுப்பவர்களின் வரிசை தொடங்கிவிடும்.