மெடிக்கல் ஷாப்புக்கு நோட்டா, எக்செலா, பில்லிங் சாஃப்ட்வேரா?

சின்ன மளிகைக் கடையை நோட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். மெடிக்கல் ஷாப் கதை வேறு. ஒரே கம்பெனியின் ஒரே மாத்திரைதான். ஆனால் ரேக்கில் மூன்று பேட்ச், அதாவது வெவ்வேறு தடவை தயாரான சரக்கு, கிடக்கும். மூன்றுக்கும் எக்ஸ்பயரி வேறு, சில சமயம் எம்ஆர்பியும் வேறு. எதை முதலில் விற்பது என்பதில்தான் லாபமே இருக்கிறது.

நோட்டுக்கு இரண்டு வேலை நன்றாக வரும். ஒன்று, தீர்ந்துபோன மருந்தைக் குறித்துவைக்கும் வான்ட் புக். இன்னொன்று, தெரிந்தவர்களின் கடன் கணக்கு. எக்ஸ்பயரி விஷயத்தில் அது உதவாது. காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏஜென்சிகள் பொதுவாக ஒரு கெடு வைத்திருக்கும்; அதைத் தாண்டினால் நஷ்டம் கடைக்காரர் தலையில்.

எக்செலில் எக்ஸ்பயரி வாரியாக வரிசைப்படுத்துவது நொடி வேலை. ஆனால் கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 06/27 என்று அடித்ததை 2027 ஜூன் என்று எடுத்துக்கொள்ளாது. இந்த வருடம் ஜூன் 27 என்று மாற்றிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, விற்ற ஸ்ட்ரிப்பை யாராவது உட்கார்ந்து கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலக் கூட்டத்தில் அது நடக்காது.

சாஃப்ட்வேரில் பில் போட்டாலே ஸ்டாக் கழிந்துவிடும். காலாவதியான பேட்ச் பில்லில் ஏறாதபடி தடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, ஸ்ட்ரிப்பில் அச்சான பழைய எம்ஆர்பி ஒன்று, வாடிக்கையாளரிடம் வாங்க வேண்டிய விலை ஒன்று என்று ஆனது. சாஃப்ட்வேர் வைத்திருந்தவர்கள் விலையையும் வரியையும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். நோட்டுக்காரர்கள் புது விலைப் பட்டியலை ஒவ்வொரு முறையும் புரட்ட வேண்டும்.

எச்1 மருந்துகளுக்கு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கு, தனிப் பதிவேடு சட்டப்படியே வேண்டும்: டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு. மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும். டாக்டர் பெயர்க் கட்டத்தில் பையன் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு நகர்ந்தால் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது.

என் கட்சி சாஃப்ட்வேர்தான். நடுவில் எக்செல் வேண்டாம், இரட்டை வேலை. வான்ட் புக் மட்டும் கவுன்ட்டரிலேயே இருக்கட்டும். கேட்டு வந்து இல்லையென்று திரும்பிப் போனவரின் மருந்து எந்த பில்லிலும் வராது.