மீக்கடத்து உணரி: அட்டவணை போதுமா, சமன்பாடு வேண்டுமா?

ஐரோப்பிய விண்வெளி முகமை 2037-இல் ஏவத் திட்டமிட்டுள்ள நியூ அத்தீனா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் எக்ஸ்-ஐஎஃப்யு என்றொரு கருவி இருக்கும்; விழும் ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலையும் அளப்பதே அதன் வேலை. அதன் 1,500-க்கும் மேற்பட்ட பிக்சல்களில் ஒவ்வொன்றிலும், மீக்கடத்து நிலைக்கும் (மின்தடையே இல்லாத நிலை) சாதாரண நிலைக்கும் நடுவே நிறுத்தப்பட்ட மெல்லிய உலோகப் படலம்; இதுதான் உணரி. கருவி விண்ணுக்குப் போகுமுன்பே அது எதைக் காணும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

முதலாவது, அட்டவணை வழி. ஜெர்மனியின் பாம்பெர்க்கில் வளர்ந்த சிக்ஸ்ட் மென்பொருளில், ஃபோட்டான் எந்தப் பிக்சலில் எப்போது விழுந்தது என்று குறித்துக்கொண்டு, அதன் ஆற்றலை ஒரு நிகழ்தகவு அட்டவணைப்படி சற்றே கலைத்துவிடலாம். உணரிக்குள் நடப்பதைப் பற்றிக் கவலையில்லை. விரைவாக முடியும்; மங்கலான விண்மீன் திரள் கொத்துகளுக்கு இதற்கு மேல் கேட்பது வீண் செலவு.

இரண்டாவது, சமன்பாட்டு வழி: அதே சிக்ஸ்ட் தொகுப்பில் உள்ள டெஸ்ஸிம் என்ற நிரல். வெப்பநிலைக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று என இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளை நுண்ணிய காலப்படிகளில் தீர்க்கிறது. ஃபோட்டான் விழுந்ததும் படலம் சூடாகிறது, மின்தடை எகிறுகிறது, மின்னோட்டம் சரிகிறது. மின்னழுத்தம் மாறாததால் மின்சாரம் தரும் சூடும் குறைந்து, படலம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தச் சரிவும் மீட்சியும்தான் ஒரு துடிப்பு. பொறுமை வேண்டும், பிக்சல் கூடக் கூடக் கணக்கு கனத்துக்கொண்டே போகும்.

ஆனால் பிரகாசமான மூலத்தில் கதை மாறுகிறது. முதல் துடிப்பின் வால் அடங்குமுன் அடுத்த ஃபோட்டான் வந்தால், படலம் ஏற்கெனவே சூடாக இருப்பதால் இரண்டாவது துடிப்பு குட்டையாகிறது. திருத்தாவிட்டால் ஆற்றலைக் குறைத்துப் படிப்போம். அட்டவணை முறை இடைவெளியைப் பார்த்து ஃபோட்டானுக்குத் தரம் போட்டு, தரத்துக்கேற்ற அட்டவணையை எடுக்கும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் ஒட்டுப்போட்ட துணி. 6.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டான் ஆற்றலின் அலகு) அளவில் இரும்பு உமிழும் நிறமாலை வரியில், வாயுவின் நொடிக்கு 160 கிலோமீட்டர் வேகக் கொந்தளிப்பு தரும் அகலமே ஏறக்குறைய 3.6 எலெக்ட்ரான் வோல்ட். அங்கே ஓரிரு எலெக்ட்ரான் வோல்ட் பிசகும் வலிக்கும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பக்கம், இயக்கத் தூண்டல் உணரிகள் என்ற இன்னொரு வகை மீக்கடத்து உணரிகளுக்கு இந்தச் சண்டை அவ்வளவு கடுமையில்லை. புறக்கோள் (பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்) தேடும் கருவிகளில் பெரிய தொல்லை வளிமண்டலம் உண்டாக்கும் ஒளிப்புள்ளிகள். அங்கே அட்டவணையே எனக்குப் போதும்.

எக்ஸ்-கதிரில் நான் செய்வது கலப்படம். ஒரு சில பிக்சல்களை மட்டும் டெஸ்ஸிம்மில் ஓட்டி, வெவ்வேறு இடைவெளிகளில் துடிப்புகளை அடுக்கி, அதிலிருந்தே தர அட்டவணையைத் தயாரிப்பேன். பிறகு முழுக் கருவியையும் சிக்ஸ்டிடம் விட்டுவிடுவேன்.