துத்தநாகமா, மெக்னீசியமா, நைலான் வாஷரா? மேட்டூர்த் தண்ணீரில் ஓர் அலுமினியப் படகு

மேட்டூர் அணைக்கரையில் பண்ணவாடியில் இருக்கும் என் மச்சினன் போன வருஷம் ஆடி மாதம் போன் செய்தான். "மாமா, அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு தானேங்க சொன்னீங்க? போல்ட்டைச் சுத்தி வெள்ளையாப் பூத்துக் கிடக்குது. நகத்தால சுரண்டினா பொடியா உதிருதுங்க."

பரிசலை விட்டு அலுமினியப் படகுக்கு மாறு என்று சொன்னவன் நான். சேலத்தில் இருந்தபடி தகடும் போல்ட்டும் வாங்கிக் கொடுத்து, கூடவே நின்று செய்ய வைத்தவனும் நான்தான். அதனால் இதற்கு ஒரு வழி காணாமல் விடுவதில்லை என்று இறங்கினேன்.

நடந்தது என்னவென்றால், டார்ச் பேட்டரிக்குள் நடக்கிற அதே வேலை. வெவ்வேறு ரக உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டபடி தண்ணீரில் கிடந்தால், ஒன்று கரைந்து மற்றதைக் காப்பாற்றும். கடல்நீரில் அளந்தால் மெக்னீசியம் சுமார் -1.6 வோல்ட், துத்தநாகம் -1.0, படகு அலுமினியம் -0.8, இரும்பு -0.6; எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். மைனஸ் அதிகமாக இருப்பது கீழே; கீழே இருப்பது கரையும், மேலே இருப்பது பிழைக்கும். ஏற்காட்டு மலையின் பாக்சைட்டை மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் எடுத்த ஊர் நம்முடையது, எஸ்.எஸ். தகட்டுக்கும் சேலம்தான் பேர்போனது. அந்த இரண்டையும் ஒரே போல்ட் துளையில் சேர்த்தால் பலியாவது அலுமினியம்.

எங்கள் படகில் இரண்டு இடம் கெட்டிருந்தது. துடுப்பு மாட்டும் எஸ்.எஸ். பிராக்கெட்டின் போல்ட்டுகள் ஒன்று. இன்னொன்று அடியில். அணையில் தண்ணீர் இறங்கும்போது பாறையில் இழுத்துக் கரையேற்ற வேண்டுமே என்று படகின் அடியில் நீளமாக ஓர் எஸ்.எஸ். பட்டை அடித்திருந்தோம். அதன் இரு ஓரத்திலும் கோடு பிடித்தாற்போல் அரித்திருந்தது.

முதலில் அவன் செய்தது, ஒரு கடையில் சொன்னார்கள் என்று துத்தநாகக் கட்டி வாங்கி மாட்டியது. கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இரும்பு விசைப்படகுகளுக்கு அது சரியான மருந்து. காவிரித் தண்ணீரில் அப்படி இல்லை. நல்ல தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு கெட்டியான தோல் படிந்துவிடும்; அதன்பின் அது வேலை செய்யாது. ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் வாங்கிய கட்டி வாங்கியபடியே இருந்தது. தேயாத கட்டியைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. அது கரையவில்லை என்றால் படகு கரைகிறது.

மெக்னீசியம் அங்கேதான் ஜெயிக்கிறது. கடல்நீரின் மின்கடத்தல் சென்டிமீட்டருக்கு 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில் இருக்கும். ஆற்றுத் தண்ணீரில் சில நூறுதான். இவ்வளவு தடை உள்ள தண்ணீரில் துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ள 0.2 வோல்ட் இடைவெளி போதாது, மெக்னீசியத்தின் 0.8 வோல்ட் தள்ளிக்கொண்டு போகும். வீட்டு கீசர் தொட்டிக்குள் இருக்கும் அனோடு கம்பியும் (தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும் துண்டுக்கு அனோடு என்று பெயர்) இதே காரணத்துக்காகத்தான் பெரும்பாலும் மெக்னீசியம். (சேலம் மேக்னசைட் ஜங்ஷனைச் சுற்றி வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லிலும் மெக்னீசியம் இருக்கிறது. ஆனால் அது உலைச் செங்கலுக்குப் போவது. உலோகமாக நமக்குக் கிடைப்பதில்லை.)

அதே படகை நாளைக்குக் கடலுக்குக் கொண்டுபோனால் மெக்னீசியத்தை முதல் வேலையாகக் கழற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் அது அளவுக்கு மீறித் தள்ளும். அலுமினியத்தின் மேல் காரம் சேர்ந்து பெயின்ட் கொப்புளிக்கும். காரத்தில் அலுமினியமே கரையும். கடலுக்குத் துத்தநாகம் அல்லது இண்டியம் என்ற உலோகம் கொஞ்சம் சேர்த்த அலுமினிய அனோடு. முகத்துவாரம் மாதிரி உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்துக்கு அந்த இண்டியம் ரகம்தான் என் தேர்வு.

ஆனால் எந்த அனோடும் தண்ணீருக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். துடுப்பு பிராக்கெட் இருப்பது தண்ணீருக்கு மேலே. சாரலும் ஈரவலையும் பட்டு வாஷருக்கடியில் தேங்கும் ஒரு சொட்டுத் தண்ணீரில்தான் அங்கே சேதம். அடியில் கட்டிய மெக்னீசியத்தால் அந்தச் சொட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. இதனால்தான் அனோடுக்கு முன்னால் உலோகங்களைப் பிரித்துவைப்பதை நான் வைக்கிறேன். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ் (குட்டிக் குழல்), இரு பக்கமும் நைலான் வாஷர், பிராக்கெட்டுக்கு அடியில் நைலான் தகடு, இடுக்கெல்லாம் கடல் படகுகளுக்குப் போடும் தடுப்புப் பேஸ்ட். மாட்டியபின், காய்ந்த நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையை போல்ட்டிலும் மறுமுனையை படகிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பீப் சத்தம் வந்தால் எங்கோ தொடுகிறது. கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். நைலானுக்குப் பதில் பழைய டியூப் ரப்பரை வெட்டிப் போடுவது நம்மூர் வழக்கம். வேண்டாம். கறுப்பு ரப்பரில் கரி கலந்திருக்கும்; அந்த உலோக வரிசையில் கரி எஸ்.எஸ்.ஸுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. கிராஃபைட் கிரீஸும் அதனாலேயே கூடாது.

போல்ட்டையே மாற்றினால் என்ன என்று கேட்டான். ஜி.ஐ. போல்ட்டின் துத்தநாகப் பூச்சு அலுமினியத்தோடு ஒத்துப்போகும், பூச்சு இருக்கும்வரை. அது போனதும் உள்ளே இரும்பு. கழற்ற வேண்டாத இடத்தில் அலுமினிய ரிவிட்டுக்கு ஈடில்லை. கழற்றி மாட்டும் இடத்தில் நைலானோடு சேர்த்து எஸ்.எஸ். போதும். பித்தளைக்கு இடமே இல்லை; அதிலுள்ள செம்பும் அந்த வரிசையில் அலுமினியத்துக்கு மேலே.

பெயின்ட்டைக் கடைசியில் வைக்கிறேன். அலுமினியத்தை மட்டும் பூசிவிட்டு எஸ்.எஸ்.ஸை வெறுமனே விட்டால், பாறையில் கீறிய சின்ன இடத்தில் மொத்த அரிப்பும் குவிந்து ஓட்டை விழும். பூசுவதானால் எஸ்.எஸ்.ஸையும் சேர்த்துப் பூச வேண்டும். செம்பு கலந்த பாசித் தடுப்பு பெயின்ட்டை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. ஆடிப்பெருக்கு அன்று படகுக்குப் பூஜை போட்டு, மஞ்சள் குங்குமத்தோடு காசும் வைப்போம். அந்தக் காசு பலகைக்கடியில் நழுவி, தேங்கிய தண்ணீரில் கிடந்தால், பித்தளை ரகக் காசு தன் வட்டத்திலேயே தகட்டைத் தின்னும். வெட்டிப்போட்ட செம்பு வயர்த் துண்டும் அப்படித்தான். பூஜை முடிந்ததும் எண்ணி எடுத்துவிட வேண்டும். இரவு விளக்குக்குப் பேட்டரி வைத்தால் இரண்டு வயரும் பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். படகுத் தகட்டை எர்த்தாகப் பயன்படுத்தினால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது.

எங்கள் படகில் அடியிலிருந்த எஸ்.எஸ். பட்டையைப் பிடுங்கிவிட்டு அலுமினியப் பட்டை போட்டோம். பாறையில் தேயும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிராக்கெட்டுக்கு நைலான். அடியில் மெக்னீசியத் துண்டு ஒன்று, பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி தெரியும் தகட்டில் இறுக்கி. அதன் மேல் பெயின்ட் படக் கூடாது என்று அவனிடம் மூன்று தரம் சொன்னேன்.

போன மாதம் பண்ணவாடி போனபோது படகைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். போல்ட்டுகளைச் சுற்றிப் புதிய பூப்பு இல்லை. மெக்னீசியத் துண்டு மேடும் பள்ளமுமாகப் பாதி கரைந்திருந்தது. பையில் கொண்டுபோயிருந்த புதுத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.